இருநூற்று ஓராவது வரிசை

க்வாரேலிக்குச் செப்டம்பர்தான் வருடம்.
மற்ற பதினொன்றும் அதற்கான காத்திருப்பு.

விடியுமுன்பே ஒயின் ஆலை வாசலில்
சபெராவித் திராட்சை ஏற்றிய லாரிகள்.
பணத்துக்கும் இங்கே லாரி என்றே பெயர்;
ஒரு லாரி இன்னொரு லாரிக்காக நிற்கும் ஊர்.

எடைமேடைப் பையன் பெசிக்
பெயர், கிலோ, சர்க்கரை அளவு தட்டுவான்.
இரவு ஒன்பதுக்கு அத்தனையும் ஒரே கோப்பாக
என் கணினியில் வந்து விழும்.
நான் அதை வார்ப்புருவில் கொட்டுவேன்,
கூடையிலிருந்து தொட்டிக்குக் கொட்டுவதுபோல.
ஆறு பத்திகள் அதற்கு.
ஏழாவது பத்தியில் வாய்பாடு:
கூடையின் எடையைக் கழி,
மிச்சத்தை விலையால் பெருக்கு.

எனக்கு முன் இந்த நாற்காலியில் ஓதியா.
கட்டத்தின் மூலையைச் சுட்டியால் பிடித்து
இருநூறாவது வரிசைவரை
வாய்பாட்டை இழுத்துவிட்டு ஓய்வு பெற்றார்.
"இருநூறு வண்டிக்கு மேல்
என்றைக்கு வந்திருக்கிறது?"

வந்தது.
ஆலங்கட்டி மழை என்று வானொலி மிரட்டிய வியாழக்கிழமை
ஊரே ஒரே நாளில் குலை அறுத்தது.
இருநூற்று முப்பத்தொன்று.
கோப்பைக் கொட்டினேன்.
கூட்டுத்தொகை பளிச்சென்று நின்றது.
வங்கிக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.

பிழை என்றால் கட்டம் கத்தும்.
வெற்றுக் கட்டம் கத்தாது.
சுழியம்கூட இல்லை அங்கே.
சுழியம் என்றால் யாரோ எண்ணிப் பார்த்தார்கள்
என்றாவது பொருள்.

சனிக்கிழமை ஷாக்ரோ நத்ரோஷ்விலி வந்தார்.
ஒன்றும் பேசவில்லை.
எடைச்சீட்டை மேசையில் வைத்தார்;
கட்டைவிரலின் கருஞ்சிவப்பு அதில் ஒட்டியிருந்தது.
வரிசை எண் இருநூற்று ஒன்று.
அவருக்குப் பின்னால் கதவுவரை தொப்பிகள்.

எல்லோரையும் பந்தியில் உட்காரவைத்து
இருநூறு பேரோடு பானையை மூடியிருக்கிறேன்.
வாய்பாடு நின்ற இடத்தில்
முப்பத்தோரு பேரின் வயிற்றுப்பாடு.

அங்கேயே கையால் பெருக்கிக் காசோலை எழுதினேன்.
விரல் வலித்தது; வலிக்கட்டும்.

அன்றிரவு இழுப்பதை விட்டேன்.
பத்தியின் உச்சியில் ஒரே ஒரு வாய்பாடு:
கோப்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீ.
என்ட்டர் தட்டினேன்.
ஓடியது. நிற்கவேயில்லை.
தரவு முடிந்த பிறகும் கீழே, இன்னும் கீழே,
இல்லாத ஆயிரம் பேருக்கு
ஆயிரம் சுழியம் வாரி வழங்கிக்கொண்டு போனது
வெறுங்கை வள்ளல்.

சரி, நடுவில் ஒரு 'என்றால்' வேண்டும்.
பெயர் இருந்தால் கணக்கிடு.
இல்லாவிட்டால் வாயை மூடு.
சுழியங்கள் அணைந்தன.
எழுந்து ஜன்னலைத் திறந்தேன்;
முற்றம் முழுக்கத் திராட்சை நொதிக்கும் வாடை.

வியாழக்கிழமைக் கோப்பை மறுபடி கொட்டி ஒப்பிட்டேன்.
முப்பத்தோரு தொகையும் காசோலையோடு பொருந்தின.
முதல் இருநூறில்தான் இடித்தது:
எண்ணூற்று நாற்பது லாரி குறைகிறது.

ஐம்பத்தேழாவது வரிசை.
கிலோ இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, பெயர் இல்லை.
அந்தத் தொகையை வங்கி திருப்பி அனுப்பியிருந்தது,
அந்தக் கடிதத்தையும் நான் திறக்கவில்லை.

பெசிக்கைக் கூப்பிட்டேன். தூக்கக் குரல்:
"அது கோபாவின் தோட்டம். ஏப்ரலில் செத்துப்போனாரே.
பெயரை அழித்துவிட்டேன்.
மனைவி பெயரை ஆலையில் இன்னும் ஏற்றவில்லை."

கூடை போக நானூற்று இருபது கிலோ.
லாம்சிரா தனியாகப் பறித்தது.

வாய்பாட்டிலிருந்து பெயரை எடுத்தேன்.
எடை இருந்தால் கணக்கிடு, என்று மாற்றினேன்.
எடை இருந்து பெயர் இல்லையென்றால்
மஞ்சள் பூசி 'யார்?' என்று கேள்.

ஐம்பத்தேழு மஞ்சளாயிற்று.
மணி ஒன்றரை.
அவள் வீட்டில் விளக்கு எரிகிறதா
என்று இங்கிருந்து தெரியாது.
ஓதியாவின் நாற்காலி கிரீச்சிட்டது.
காலையில், ஆலை திறக்குமுன்,
போக வேண்டும்.